அளவு ஜாக்கெட்

வேதா தைத்த ஜாக்கெட் மூன்று பிள்ளைக்குத் தாங்கும் என்று திருவூடல் தெருப் பெண்கள் சொல்வார்கள். இரண்டு பக்கமும் உள்ளே தாராளமாகத் துணி விட்டு, வரிசையாக இரண்டு மூன்று தையல் ஓட்டி வைப்பாள். உடம்பு பருத்தால் ஒரு தையலைப் பிரித்தால் போதும், அடுத்தது தயாராக இருக்கும். மற்ற தையல்காரர்கள் அந்தத் துணியை வெட்டித் தூர எறிந்துவிட்டு, ஆறே மாதத்தில் புது ஜாக்கெட்டுக்கு வழி பண்ணுவார்கள். வேதாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. "நாளைக்கே புள்ள உண்டானா இன்னா பண்ணுவ? இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே மடித்து ஓட்டிவிடுவாள். தெருவில் பாதிப் பேர் அந்த மடிப்பைப் பிரித்துப் பிரித்து, பிள்ளை பெற்று, வளர்த்து, பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பியாகிவிட்டது. சொன்னவளுக்குத்தான் ஒன்றும் தங்கவில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம் ஆவணியில், இருபது வயதில், கீழ்பென்னாத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்தாள். கூடவே ஒரு கால் மிஷின் வந்தது. நிலத்தில் மல்லாட்டை நன்றாக விளைந்த வருஷம் அப்பா வாங்கிக் கொடுத்தது. புருஷன் இராமலிங்கம் வேலூர் லைன் பஸ்ஸில் கண்டக்டர். விடிகாலையில் வண்டி எடுத்தால் வேலூர் போய்த் திரும்பி, மறுபடியும் போய்த் திரும்பி, பொழுது சாயும்போது வீடு வந்து சேருவான். நாளெல்லாம் ஸ்டாப்பிங் பெயரைக் கத்திக் கத்தி, வீட்டில் பேச அவனிடம் குரல் மிச்சம் இருக்காது. நல்ல மனுஷன்தான். ஆனால் தானாக ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் குணம் இல்லை. டிக்கெட் கேட்டால் கொடுப்பான், கேட்காவிட்டால் அடுத்த சீட்டுக்குப் போய்விடுவான்.

வீட்டில் மூன்றாவது ஆள் மாமியார் வெள்ளையம்மாள். அறுபதைத் தாண்டியவள். ரவிக்கை போடாத தலைமுறை. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு கோயில், கடை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அப்படியே போய் வருவாள். வந்த புதிதில் வேதா, "உங்களுக்கு ஒன்னு தைக்கட்டுமா அத்தை?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"அந்தச் சட்டை எனக்கு எதுக்கு? மூச்சு முட்டிச் சாவறதுக்கா?" என்றாள் வெள்ளையம்மாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எழுபத்து மூன்று மாசியில் முதல் தடவை. நாள் தள்ளி எழுபது நாள் ஆகியிருந்தது. ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் பிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சுத்தம் பண்ணி அனுப்பினார்கள். நாலாம் நாள் அந்தப் பெண்ணின் அம்மா வந்து வாசலில் நின்றாள். முகூர்த்தம் யாருக்காகவும் காத்திருக்காது. வேதா எழுந்து உட்கார்ந்து மற்றொரு கையையும் வைத்துக் கொடுத்தாள். கொக்கி கட்டும்போது மட்டும் கண்ணீர் வந்து ஊசி முனை தெரியவில்லை.

"காலால மிதிச்சு மிதிச்சே கருவைக் கலைச்சுட்டா" என்றாள் வெள்ளையம்மாள். இதை அவள் கெட்ட மனசோடு சொன்னாள் என்று சொல்ல முடியாது. அந்த ஊரில் எல்லோரும் நம்பியது அதுதான். மிஷின் மிதிக்கிறவளுக்குக் கர்ப்பப்பை ஆடிப்போகும், கரு தங்காது என்பார்கள். சொல்லிவிட்டு, கையிலிருந்த துணியையும் அளவு ஜாக்கெட்டையும் வேதாவிடமே கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போவார்கள். போட்டுப் பார்த்துச் சரியாக அமைந்த பழைய ஜாக்கெட் ஒன்றை எல்லோரும் அளவுக்கென்று கொடுப்பது வழக்கம். வேதாவுக்கும் அப்படி ஒன்று உண்டு. கல்யாணத்தின்போது தனக்குத் தானே தைத்துக்கொண்ட அரக்குக் கலர் ஜாக்கெட்.

எழுபத்தைந்தில் இரண்டாவது தடவை. நாள் தள்ளியது தெரிந்த அன்றே மிஷின்மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டாள். ஒரு பித்தான்கூடத் தைக்கவில்லை. ஆனாலும் மூன்றாம் மாதம் தொடங்குவதற்குள் போய்விட்டது. இதற்கு வெள்ளையம்மாள் என்ன சொல்வாள் என்று தெருவே எதிர்பார்த்தது. அவள் அசரவில்லை. "தெரியறதுக்கு முன்னாடி நாப்பது நாள் மிதிச்சாளே, அது எங்க போவும்?" என்றாள்.

எழுபத்தேழில் அதற்கும் வழி விடவில்லை. கரு உண்டாவதற்கு முன்பே மிஷினைக் கயிறு போட்டுக் கட்டி, பஸ் மேல் ஏற்றி, கீழ்பென்னாத்தூருக்கே அனுப்பிவிட்டார்கள். வேதா ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தாள். அசைவுகூடத் தெரிந்தது. மல்லாந்து படுத்துக்கொண்டு, வயிற்றில் கை வைத்து, இன்னும் அஞ்சு மாதம், நாலரை மாதம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அதுவும் போயிற்று. ஆண் பிள்ளை என்று நர்சு சொன்னாள். வேதா கேட்கவே இல்லை. கேட்காததை ஏன் சொன்னாள் என்று பல நாள் அவள்மேல் கோபமாக இருந்தது.

இதற்கு நடுவில் பார்க்காத டாக்டர் இல்லை. கர்ப்பப்பை பலவீனம் என்று ஒருத்தர் வாரத்துக்கொரு ஊசி போட்டார். உடம்பில் சூடு ஜாஸ்தி என்றார் இன்னொருத்தர். "எனக்கு எப்பவும் குளுருதுங்களே" என்று வேதா சொல்லிப் பார்த்தாள். அது உள்சூடு, வெளியே தெரியாது என்றார். ஒருத்தர் நடக்கச் சொன்னார், ஒருத்தர் படுக்கச் சொன்னார். எடை ஏன் இப்படி ஏறுகிறது என்று கேட்ட டாக்டரம்மா ஒருத்தி, வேதா பதில் சொல்வதற்குள், "உக்காந்து உக்காந்து தின்னா ஏறாம என்ன செய்யும்?" என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். எல்லோருடைய பேச்சுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருந்தது. ஏதோ ஒன்றை வேதா செய்திருக்கிறாள். அல்லது செய்யாமல் விட்டிருக்கிறாள்.

வருஷா வருஷம் கார்த்திகை வரும். பிள்ளை வரம் கேட்டுக் கிடைத்தவர்கள், கரும்பில் சேலையைக் கட்டித் தொட்டிலாக்கி, அதில் குழந்தையைப் போட்டு, தேரோட்டத்தன்று மாட வீதிகளைச் சுற்றி வருவார்கள். திருவூடல் தெரு வழியாகத்தான் வரவேண்டும். முதல் கரு போனபோதே வெள்ளையம்மாள் ஊருக்கே சாமியான மலையைப் பார்த்துக் கும்பிட்டு, "ஒன்னே ஒன்னு குடு, கரும்புத் தொட்டில் எடுக்கறேன்" என்று வேண்டிக்கொண்டிருந்தாள். தொட்டில்கள் வாசலைத் தாண்டிப் போகும்போது அவள் எட்டி எட்டிப் பார்ப்பாள். வேதா உள்ளே போய் ஏதாவது பாத்திரத்தைத் துலக்குவாள்.

மூன்றாவது போனபின் மிஷின் திரும்பி வந்தது. வீட்டில் சும்மா இருந்து என்ன ஆகப்போகிறது என்று இராமலிங்கமே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஆனால் பழைய வேதா திரும்பி வரவில்லை. குனிந்தால் நிமிர முடியாத அசதி. துணியை ஊசிக்கடியில் வைத்துவிட்டு அப்படியே கண்ணசந்து போவாள். சீப்பில் கொத்தாக முடி வந்தது. முகம் உப்பி, குரல் ஜலதோஷம் பிடித்தவள் மாதிரி கரகரத்தது. அக்னி நட்சத்திரத்தில் மலையே அனலாகக் காயும்போது, ஊர் விசிறிக்கொண்டிருக்க, இவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு மிஷினில் உட்கார்ந்திருப்பாள். சோம்பேறி என்று பெயர் வந்தது. அவளே அதை நம்ப ஆரம்பித்திருந்தாள்.

எழுபத்தொன்பது சித்திரையில் ரசியா பேகம் துணி கொண்டுவந்தாள். தேரடியில் வளையல் கடை வைத்திருக்கிற ஜியாவுல்லாவின் மனைவி. வேதாவைவிடப் பத்து வயது பெரியவள்.

"கழுத்தை மூடி காலர் வெச்சுக் குடும்மா வேதா" என்றாள்.

"இந்த வெயில்லயா பாயம்மா?"

ரசியா பேகம் முக்காட்டை விலக்கிக் காட்டினாள். தொண்டைக்குழிக்கு மேலே, நூல் பிடித்து ஓட்டினாற்போல ஒரு தழும்பு. "கட்டி இருந்துச்சு. வேலூர்ல ஆபரேசன் பண்ணி எடுத்துட்டாங்க. பாக்கறவங்க எல்லாரும் கேக்கறாங்க, பதில் சொல்லி மாளல."

வேதா டேப்பை அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். விரல் மரத்துப்போய் டேப் நழுவி விழுந்தது. எடுத்துப் போட்டாள். மறுபடியும் விழுந்தது. ரசியா பேகம் டேப்பைப் பார்க்காமல் வேதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி நாளா கை இப்பிடி மரத்துப்போவுது?"

"வருஷக்கணக்கா பாயம்மா."

"குளுருதா?"

"ஆமா."

"தூங்கிக்கிட்டே இருக்கணும்போல இருக்குதா? தலைமுடி கொட்டுதா? கொரலும் மாறிப்போச்சே." ரசியா பேகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கட்டிய எடுத்தப்புறம் எனக்கும் அச்சு அசல் இப்பிடித்தான் இருந்துச்சும்மா. வேலூர் கழுத்து டாக்டரு மாத்திரை குடுத்தாரு, சரியாச்சு. நீயும் அவரைப் போய்ப் பாரு."

இத்தனை வருஷத்தில் தன் உடம்பைப் பற்றி, தான் சொல்வதற்கு முன்பே இன்னொருத்தி சொன்னது அதுதான் முதல் தடவை. வேதாவுக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. காலர் அளவு பதினாலரை என்று நோட்டில் குறித்துக்கொண்டாள்.

சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். "வேலூர்ல கழுத்து டாக்டர்னு ஒருத்தரு இருக்காராம். எங்க எறங்கணும்னு தெரியல."

"புளியமரம் ஸ்டாப்பிங்" என்றான் இராமலிங்கம். கேட்ட மாத்திரத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெனம் நாலு பேரை அங்க எறக்கி விடறேனே. கழுத்துல கட்டி இருக்கறவங்க எல்லாம் அவரைப் பாக்கத்தான் வருவாங்க." சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றான். பையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "ஆறு வருஷமா எறக்கி விடறேன்" என்றான். பிறகு, தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறவன் மாதிரி, "கழுத்துக்கும் வயித்துக்கும் இன்னா சம்பந்தம்னு நான் கண்டேன்?" என்றான்.

அவனைக் குற்றம் சொல்லியும் பிரயோஜனமில்லை. அந்தச் சம்பந்தம் ஊசி போட்டவர்களுக்கே தெரியவில்லை.

டாக்டர் ராஜேந்திரன் மெட்ராசில் படித்து, அங்கேயே ரொம்ப வருஷம் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்கு வந்தவர். ஓட்டு வீட்டில் இரண்டு அறை. வெளியே பெஞ்சில் கழுத்து வீங்கினவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நரைத்த தலை, தூக்கம் கெட்ட முகம், சுருக்கமான பேச்சு. வேதாவைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, விழுங்கும்போது கழுத்தைப் பார்த்தார். பின்னால் நின்று விரலால் தடவினார். அப்புறம் நாற்காலிமேல் முட்டி போடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியால் தட்டினார். பாதம் ஒரு துள்ளு துள்ளி, ரொம்பச் சாவகாசமாகத் திரும்பி வந்தது. "ம்" என்றார். அந்த ஒரு எழுத்தில் ஏதோ கிடைத்துவிட்டது தெரிந்தது.

"உடம்பு பருத்தது எப்பலேர்ந்து?"

எல்லோரும் கேட்ட கேள்விதான். ஆனால் இவர் பதிலுக்காகக் காத்திருந்தார். வேதாவுக்கு மாசம் தேதி சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரியில் தங்கச் சொன்னால் மாற்றிக்கொள்ள வேண்டுமே என்று பையில் வைத்திருந்த அரக்கு ஜாக்கெட்டை எடுத்தாள். உள்பக்கம் திருப்பி மேஜைமேல் விரித்தாள். பிரித்த தையல்களின் ஊசித் துளை வரிசை வரிசையாகத் தெரிந்தது.

"இது கல்யாணத்தப்போ சார், எழுபத்தொன்னு. இதைப் பிரிச்சது மொதல்து போனப்போ. இது ரெண்டாவது. இது அஞ்சு மாசம் இருந்து போச்சே, அப்போ." விரல் கடைசி வரிக்கு வந்தது. "ஒவ்வொரு தடவையும் புள்ளைக்காகப் பிரிப்பேன். புள்ள போயிடும், உடம்பு மட்டும் எறங்காது. இதுக்கு மேல பிரிக்கத் துணி இல்ல."

டாக்டர் ஜாக்கெட்டைக் கையில் எடுத்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்து எழுதிக்கொண்டார். ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார். பதினைந்து நாள் கழித்துப் போனபோது முடிவு வந்திருந்தது.

"கழுத்துல ஒரு சுரப்பி இருக்கும்மா. உடம்புக்கு அடுப்பு மாதிரி. உனக்கு அது அணைஞ்சுக்கிட்டே வந்திருக்கு. அதான் குளிரு, அசதி எல்லாம். கரு தங்காததுக்கும் இதான் காரணமா இருக்கணும். தினம் வெறும் வயித்துல இந்த மாத்திரை சாப்பிடணும்."

வேதா எழுந்திருக்கவில்லை. ஆறு வருஷமாகத் தொண்டையில் நின்ற கேள்வியைக் கேட்டாள். "மிஷின் மிதிச்சதாலயா சார்?"

"எந்த மிஷின்?"

"தையல் மிஷின்."

டாக்டருக்குப் புரியவில்லை. இராமலிங்கம் தயங்கித் தயங்கி விளக்கினான். டாக்டர் சிரிக்க ஆரம்பித்து, வேதாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "மிஷினுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. மாத்திரை சாப்பிடு, தாராளமா தை" என்றார்.

மூன்று மாதத்தில் சால்வை பெட்டிக்குள் போயிற்று. குரல் திரும்பிவந்தது. காலையில் எழுந்தால் எழுந்தபடி இருக்க முடிந்தது. அரக்கு ஜாக்கெட் தொளதொளவென்று ஆகி, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக வேதா அதை உள்ளே பிடித்துத் தைத்தாள். தைத்துவிட்டு, அந்தப் புது வரியை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்படவும் பயமாக இருந்தது.

எண்பது பங்குனியில் நாள் தள்ளியது.

அங்கேதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். யாரும் சொல்லவில்லை. வெள்ளையம்மாள்கூட வாயைத் திறக்கவில்லை. மாத்திரை கழுத்துக்குக் கொடுத்தது. கழுத்து இப்போது நன்றாக இருக்கிறது. வயிற்றில் இருக்கிற பிஞ்சுக்கு எதற்கு இங்கிலீஷ் மருந்தின் சூடு என்று அவளே யோசித்து, அவளே முடிவு பண்ணினாள். மிஷின் சம்பந்தமில்லை என்று டாக்டரே சொல்லியிருந்தும், அதையும் போர்வை போட்டு மூடினாள். பிள்ளைக்காக எதையாவது விட்டுவிடுவதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் பழக்கமில்லை. மாத்திரைப் புட்டியைப் பித்தான் டப்பாவுக்குள் ஒளித்தாள். இராமலிங்கம் கேட்டால், சாப்பிட்டேன் என்றாள்.

வைகாசியில், எழுபத்தைந்தாம் நாள், அதுவும் போயிற்று.

இந்தத் தடவை வேதா அழவில்லை. முந்தைய மூன்றுக்கும் தெரியாமல் நடந்தது என்று ஒரு மூலையில் ஆறுதல் இருந்தது. இதற்கு அதுவும் இல்லை. பித்தான் டப்பா இருக்கிற பக்கம் போகவே மாட்டாள். மாத்திரையை மறுபடி தொடவுமில்லை. டாக்டரிடம் போகலாம் என்று புருஷன் கூப்பிட்டபோதெல்லாம், அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றாள். ஆடி வந்தது, ஆவணி வந்தது, பெட்டியிலிருந்து சால்வையும் வந்தது. கடைசியில் ஒருநாள் இராமலிங்கம் லீவு போட்டுவிட்டு, "கெளம்பு" என்றான். அவன் அவளுக்குப் போட்ட முதல் உத்தரவு அதுதான்.

டாக்டர் பழைய சீட்டை எடுத்துப் பார்த்தார். கழுத்தைத் தொட்டார். "மாத்திரை சாப்பிட்டியாம்மா?"

பக்கத்தில் புருஷன் நின்றுகொண்டிருந்தான். வேதா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இல்லீங்க சார். நாள் தள்ளினதும் நிறுத்திட்டேன். புள்ளைக்கு ஆவாதுன்னு நானேதான் நிறுத்தினேன். வீட்ல யாருக்கும் தெரியாது. எம்புள்ளைய நானே..." அதற்கு மேல் வரவில்லை.

திட்டு வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் தான் எழுதிய சீட்டை ஆரம்பத்திலிருந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கர்ப்பமானா நிறுத்தக் கூடாது, அப்பதான் இன்னும் முக்கியம்னு நான் உங்கிட்ட சொன்னேனா?"

"இல்லீங்க."

"நாள் தள்ளினதும் வந்து என்னைப் பாருன்னு சொன்னேனா?"

வேதா இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"சொல்லல. இதுலயும் எழுதல. சொல்லியிருக்கணும். பிள்ளைக்காகத்தான் வந்தேன்னு அந்த ஜாக்கெட்டை விரிச்சுக் காட்டினியே, அப்பவே சொல்லியிருக்கணும். இது என் தப்பும்மா. உன் தப்பு இல்ல."

வேதா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஏழு வருஷமாக ஊசி போட்டவர், நடக்கச் சொன்னவர், படுக்கச் சொன்னவர், தெரு, மாமியார் எல்லோரும் அவள் தலையில் வைத்த ஒன்றை, ஒரு மனுஷன் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். நாலு பிள்ளைக்கும் சேர்த்து அப்போதுதான் அழுதாள். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் முடிக்கிறவரைக்கும் டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை.

பிறகு சீட்டில் பெரிய பெரிய தமிழ் எழுத்தில் எழுதினார். கர்ப்பம் ஆனாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. உடனே வந்து பார்க்க வேண்டும். இராமலிங்கத்திடம் கொடுத்து அவனை இரண்டு தடவை படிக்க வைத்தார். "எறங்கற எடம்தான் உனக்குத் தெரியுமே" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளையம்மாள் கேட்டாள். "இன்னா சொன்னாரு? இவ இன்னா தப்பு பண்ணாளாம்?"

இராமலிங்கம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, "தப்பு அவரு மேலன்னு அவரே சொன்னாரும்மா" என்றான். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "நானும் ஆறு வருஷம் அந்த ஸ்டாப்பிங்கைக் கத்திக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றான்.

"அவ்ளோ படிச்ச மனுசனா அப்பிடிச் சொன்னாரு?" என்று மட்டும் கேட்டாள் வெள்ளையம்மாள்.

மறுநாள் காலையில் வேதா கண் விழித்தபோது, சொம்பில் தண்ணீரும் உள்ளங்கையில் ஒரு மாத்திரையுமாக மாமியார் எதிரே நின்றாள். முழுங்குகிறவரைக்கும் நகரவில்லை. பிறகு மிஷினிடம் போய், போர்வையை இழுத்து, உதறி, நாலாக மடித்து வைத்தாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் வெள்ளையம்மாளுக்கு இல்லை. அவளுக்கு வந்தது இப்படித்தான்.

"எந்திரி. எனக்கு ஒரு சட்டை தை."

"உங்களுக்கா அத்தை?"

"கரும்புத் தொட்டில் எடுக்கும்போது ஊரே பாக்கும். இப்பிடியேவா நடப்பேன்?"

வேதாவுக்குக் கையில் பழக்கமாக இருந்த கேள்விதான் வாயில் வந்தது. "அளவு ஜாக்கெட் குடுங்க."

"எங்கிட்ட ஏது? அளந்துக்கோ."

எழுபது வருஷத்தில் யாரும் அளக்காத உடம்பு. டேப் தோளில் பட்டதும் கூசி நெளிந்தாள். எலும்பும் சுருங்கிய தோலுமாக, வேதா நினைத்ததைவிட ரொம்பச் சின்ன உடம்பாக இருந்தது. கழுத்தைச் சுற்றி டேப்பைப் போட்டபோது இருவர் முகமும் கிட்டத்தில் வந்தது. வெள்ளையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

துணியை வெட்டும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். "எதுக்கு உள்ள இவ்ளோ துணிய விடற? நான் இன்னா இனிமே புள்ள பெக்கப்போறனா?"

வேதாவுக்குச் சிரிப்பு வந்தது. கரகரத்த குரலில், இருமலும் சிரிப்புமாகச் சிரித்தாள். "இருக்கட்டும் அத்தை" என்று சொல்லி உள்ளே மடித்து ஓட்டினாள்.

அந்த ஜாக்கெட் இரண்டு வருஷம் டிரங்குப் பெட்டியில் அந்துருண்டையோடு கிடந்தது. எண்பத்திரண்டு கார்த்திகையில், தேரோட்டத்தன்று காலையில், வெள்ளையம்மாள் அதை வெளியே எடுத்தாள். கை நுழைந்தது, பக்கம் நுழையவில்லை. எட்டு மாதமாகப் பிரசவ வீட்டுச் சமையலும் பேத்திக்கு ஊட்டி மிச்சம் வைத்ததும் சாப்பிட்டு உடம்பு வைத்திருந்தாள். வாசலில் கரும்பும் சேலையுமாக இராமலிங்கம் நேரமாகிறது என்று கத்திக்கொண்டிருந்தான். வேதா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, மிஷினில் உட்கார்ந்து, ஒரு தையலைப் பிரித்துக் கொடுத்தாள்.